வயதைக் கேளாத கல்வெட்டு

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் சாலையில் பழையசீவரம் மலையடிவாரத்தை அடைந்து, பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுமிடமாதலின் ஊருக்கு இப்பெயர் அமைந்தது. இங்கே அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் கொண்டு அருள்பாலிக்கிறார். பொங்கலை ஒட்டி நடைபெறும் பார்வேட்டை உற்சவத்தில் காஞ்சி வரதர், பழையசீவரம் நரசிம்மர், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர், சாலவாக்கம் ஸ்ரீநிவாசர் ஆகியோர் இவ்வூருக்கு எழுந்தருள்வர். இவ்வூர்ப் பெருமாளோடு சேர்த்து ஐவரையும் ஒருங்கே சேவிக்கும் பேற்றுக்காகச் சுற்று வட்டாரமே அன்று ஆற்று மணலில் கூடிவிடும்.

அந்த நெரிசலில் கோயிற்சுவரைப் பார்க்க எவருக்கும் பொழுதிராது. கூட்டமில்லாத வேறொரு நாளில் சென்றால், தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இக்கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டைக் காணலாம். முதலாம் இராசேந்திரனின் மைந்தனாகிய வீரராசேந்திர சோழனின் ஆட்சியில், ஏறக்குறைய 1068-இல், வெட்டப்பட்டது அது. கல்வெட்டறிஞர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இதனை 'எபிகிராபியா இண்டிகா' 21-ஆம் தொகுதியில் பதிப்பித்தார். அது முதல் மருத்துவ வரலாறு எழுதுவோர் அனைவரும் திருமுக்கூடலைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்க் கோயிலில் பதினைந்து படுக்கைகளோடு மருத்துவமனை நடந்தது என்றால், அது பேசத்தக்க பெருமையே.

ஆயினும் அதே வரிகளை வேறொரு கேள்வியோடும் படிக்கலாம். முதியவரும் இளையவரும் சிறுவரும் ஒரே கூரையின்கீழ் எவ்வாறு வேலை செய்தனர் என்பதே அக்கேள்வி.

அந்தக் கூரைக்கு ஜனநாத மண்டபம் என்று பெயர். அங்கே வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் கல்விச்சாலை இருந்தது. மாணவர் தங்கி உண்ணும் விடுதி இருந்தது. 'வீரசோழன்' என்ற பெயரால் ஆதுலர்சாலையும் இருந்தது. இருக்கு வேதம் ஓதுவோர் 10 பேர், யசுர் வேதம் ஓதுவோர் 10 பேர், இலக்கணம் பயில்வோர் 20 பேர் என மாணவர் கணக்குத் தொடர்கிறது. சனிக்கிழமைதோறும் அவர்கள் தலைக்குத் தேய்த்துக்கொள்ள எண்ணெய்கூட ஒதுக்கப்பட்டுள்ளது. மறுபுறம் ஆதுலர்சாலையில் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவரும், அறுவை செய்வார் ஒருவரும், மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து காய்ச்சும் இருவரும், நோயாளருக்கு மருந்தூட்டிப் பணிவிடை செய்யும் பெண்டிர் இருவரும், நாவிதரும், தண்ணீர் கொணர்பவரும் இருந்தனர். ஓதும் பிள்ளைகளின் குரலும், மருந்து இடிக்கும் உலக்கையின் ஓசையும், நோயாளரின் முனகலும் ஒரே வளாகத்தில் கேட்டிருக்கும். இத்தனை வகையினர் நெருங்கியிருந்த இடத்தில் உரசல் இல்லாமல் இருந்திருக்குமா? மனிதர் கூடிய இடத்தில் அது எக்காலத்திலும் உண்டு.

கல்வெட்டு உரசலைப் பற்றிப் பேசவில்லை. நெல்லைப் பற்றிப் பேசுகிறது. இலக்கண ஆசிரியருக்கு நாளொன்றுக்கு நான்கு குறுணி நெல். மருத்துவருக்கு மூன்று குறுணி. ஆண்டுக்கு அது 90 கலம், அதனுடன் 8 காசு. வேத ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இரண்டு குறுணி. அறுவை செய்வாருக்கு ஒரு குறுணி. மூலிகை கொணர்வார் ஒவ்வொருவருக்கும் அதே ஒரு குறுணி. மருந்தூட்டும் பெண்டிருக்கும் நாவிதருக்கும் தலைக்கு அரைக் குறுணி, அதாவது நான்கு நாழி. இன்னார்க்கு இன்ன வேலை, இவ்வேலைக்கு இவ்வளவு என்று, அரசனின் பெயரால், எவரும் வந்து பார்க்கக்கூடிய சுவரில் வெட்டி வைத்துள்ளனர்.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் கண்ணை நிறுத்துகின்றன. விறகும் வேரும் சுமந்து வந்தவருக்கும் கத்தி பிடித்தவருக்கும் நெல்லளவு ஒன்றே. இன்றைய மருத்துவமனை எதிலும் இதனைக் காண்பதரிது. மற்றொன்று, எவருடைய வயதும் எங்கும் சொல்லப்படவில்லை. ஓதுவிக்க வந்தவர் இருபத்தைந்து வயதினரா அறுபது வயதினரா, மூலிகை பறித்தவர் முதியவரா பதினெட்டு வயது இளைஞரா என்று சுவர் கேட்கவில்லை. முதியவர் என்பதற்காக ஒரு நாழி கூடவில்லை. இளையவர் என்பதற்காக ஒரு நாழி குறையவுமில்லை. பெண்டிருக்குப் பாதியாக அளந்தது மட்டும் இன்று படிப்போருக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இரவெல்லாம் எரியும் விளக்கின் அருகே நோயாளரோடு விழித்திருந்தவர்கள் அவர்களாகத்தான் இருந்திருப்பர்.

மருந்துகளின் பட்டியலும் அதே கல்வெட்டில் உண்டு. ஏறக்குறைய இருபது பெயர்கள். அவற்றுள் ஒன்று புராண கிருதம், அதாவது ஆண்டுக் கணக்கில் வைத்துப் பழக்கிய நெய். ஆயுர்வேதத்தில் சில நோய்களுக்குப் புதிய நெய் உதவாது. பழைய நெய்யே வேண்டும். அதே அறையில் காய்ச்சப்படும் தைலங்களுக்கோ பச்சை மூலிகையின் சாறு வேண்டும். ஒரு நாள் வாடினாலும் வீரியம் குறையும் என்பர். ஒரே மருத்துவர் இரண்டையும் கையாண்டார். எதனை எதற்குக் கொடுப்பது என்று அறிந்திருந்தார் என்பதுதான் அவர் பெற்ற மூன்று குறுணிக்குக் காரணம்.

இன்று கோயிலுக்கு வரும் குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்தப் பிரச்சினையை வீட்டுக்குள் சுமந்து வருகின்றன. ஐம்பத்தாறு வயதுக் குமாஸ்தா ஒருவருக்கு அவர் மகளின் வயதுடைய பெண் மேலதிகாரியாக வந்திருப்பார். புதிதாகப் பணியில் சேர்ந்த மகன், "எதைச் சொன்னாலும் முப்பது வருஷமா இப்படித்தான் செய்யறோம் என்கிறார்கள்" என்று சலித்துக்கொண்டு வீடு திரும்புவான். இருவரும் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் அமர்ந்து, தத்தம் அலுவலகத்தைப் பற்றிப் பேசுவதாக எண்ணி, உண்மையில் ஒருவரையொருவர் பற்றியே பேசிக்கொண்டிருப்பர்.

தமிழ்நாட்டுப் பணியிடங்களில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. பதவியில் கீழே, வயதில் மேலே இருப்பவரை 'அண்ணே' என்றும் 'அக்கா' என்றும் அழைப்பது. அவரும் 'தம்பி', 'பாப்பா' என்று திருப்பி அழைப்பார். இதில் மெய்யான இனிமை உண்டு. உறவுச் சொல் ஒன்று விழுந்தவுடன் பாதிக் கோபம் தணிகிறது. ஆனால் அச்சொல்லுக்குப் பின்னால் வேலை ஒளிந்துகொள்ளவும் கூடும். அண்ணன் தவறாக எழுதிய கணக்கைத் தம்பி எவ்வாறு திருத்தச் சொல்வது? பாப்பாவாகிவிட்ட அதிகாரியின் ஆணையை அக்கா எதற்காக உடனே நிறைவேற்ற வேண்டும்? உறவு மரியாதையைத் தரும். வேலையை யார் செய்வது என்பதை அது தீர்க்காது.

முதியவர் இளையவரிடம் தோற்க நேரும்போது என்ன ஆகும் என்பதற்குச் சமய நூல்களில் கதைகள் பல. தள்ளாத வயதில் திருநாவுக்கரசர் இளம் பிள்ளையாகிய ஞானசம்பந்தரின் சிவிகையைத் தோளில் தாங்கியதை எல்லோரும் அறிவர். அது பண்பட்ட இருவர் கதை. அங்கே போட்டியே இல்லை. காஞ்சியில் நடந்தது அவ்வாறு இனிமையாகத் தொடங்கவில்லை.

திருமுக்கூடல் கல்வெட்டு வெட்டப்பட்ட காலம் இராமானுசர் வாழ்ந்த காலமே. மரபு கூறும் அவருடைய பிறப்பாண்டு 1017. இளமையில் அவர் காஞ்சிக்கு மேற்கேயுள்ள திருப்புட்குழியில் யாதவப்பிரகாசர் என்னும் பேராசிரியரிடம் வேதாந்தம் பயின்றார். குருபரம்பரை நூல்கள் கூறும் நிகழ்ச்சி இது. ஒரு நாள் ஆசிரியருக்கு மாணவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போது இறைவனின் திருக்கண்களை வருணிக்கும் சாந்தோக்கிய உபநிடதச் சொல் ஒன்றுக்கு ஆசிரியர் குரங்கோடு தொடர்புபடுத்திப் பொருள் கூற, மாணவரின் கண்களிலிருந்து வெந்நீராய்க் கண்ணீர்த்துளி ஆசிரியரின் தொடையில் விழுந்தது. ஏன் என்று கேட்டதற்கு, கதிரவனால் மலர்ந்த தாமரை என்பதன்றோ பொருள் என்று மாணவர் விடையிறுத்தார். பிணக்கு முற்றிற்று. காசி யாத்திரை என்ற பெயரில் அழைத்துச் சென்று மாணவரைக் கங்கையில் முடித்துவிடும் எண்ணம் வரை அது சென்றதாக நூல்கள் கூறுகின்றன. பேரருளாளரும் பெருந்தேவித் தாயாரும் வேடுவத் தம்பதியராய் வந்து இராமானுசரைக் காஞ்சிக்கு மீட்டனர்.

இக்கதையைக் கேட்போர் பெரும்பாலும் ஆசிரியரின் பொறாமையோடு நிறுத்திக்கொள்கின்றனர். அதற்கு அடுத்த பகுதிதான் கவனிக்கத்தக்கது. காஞ்சிக்குத் திரும்பிய இராமானுசர் மறுநாளே எதிர்ப்பாடசாலை தொடங்கவில்லை. திருக்கச்சி நம்பிகளை அணுகினார். வரதருக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்துவந்த நம்பிகள், சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் திருமஞ்சனத்துக்குத் தீர்த்தம் கொணரும் பணியை அவருக்குக் காட்டினார். வேதாந்தத்தில் ஆசிரியரையே மறுத்த இளைஞருக்குக் கிடைத்தது ஒரு குடம். ஆனால் அது அவருக்கென்றே அமைந்த பணி. நம்பிகளின் விசிறிக்கும் அவருடைய குடத்துக்கும் இடையே போட்டி இல்லை. இரண்டும் இல்லாமல் வரதரின் நாள் தொடங்கவும் இல்லை. ஆண்டுகள் பல கடந்து, யாதவப்பிரகாசர் முதுமையில் தம் தாயின் சொற்கேட்டு இராமானுசரையே ஆசிரியராக ஏற்றார். கோவிந்த ஜீயர் என்னும் பெயருடன் துறவறம் பூண்டார். அதன்பின் அவருக்கும் ஒரு பணி கொடுக்கப்பட்டது. துறவியரின் ஒழுக்கங்களைத் தொகுத்து ஒரு நூல் எழுதுமாறு இராமானுசர் பணித்தார். 'யதிதர்ம சமுச்சயம்' என்னும் அந்நூல் இன்றும் உள்ளது. வென்ற இளையவர் தோற்ற முதியவரை ஓரமாக அமர்த்தி வணங்கிவிட்டுப் போகவில்லை. அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை அவரிடம் கொடுத்தார்.

காஞ்சியின் மற்றொரு பெருமையாகிய பட்டுத் தறிக்கு வந்தால், இந்தச் செய்தி இன்னும் கடுமையாகத் தெரியும்.

காஞ்சிப் பட்டின் உயிர் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் தனித்தனி ஊடையால் நெய்யப்பட்டு, சேருமிடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. இதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். குழித்தறியில் கால் வைத்து அமர்ந்திருக்கும் நெசவாளர் உடல் நாடாவையும் தம் பக்கத்துக் கரை நாடாவையும் பார்த்துக்கொள்வார். வலப்புறக் கரைக்கு இன்னொருவர் வேண்டும். ஒவ்வோர் ஊடைக்கும் அவர் கை அசைய வேண்டும். ஒரு முறை தவறினாலும் உடலும் கரையும் சேரும் கோட்டில் இடைவெளி விழும். அந்த இரண்டாம் இருக்கையில் தலைமுறை தலைமுறையாக அமர்ந்தவர்கள் சிறுவர்கள். சிறிய உருவம், சுறுசுறுப்பான விரல், குறைந்த கூலி. பெரியவரின் அருகிலேயே அமர்ந்து, அச்சு அடிக்கும் தாளத்தையும் பாவின் இறுக்கத்தையும் காதாலும் விரலாலும் கற்று, பின்னாளில் தாமே தறியேறினர். ஐம்பது வயதும் பத்து வயதும் ஒரே மரச்சட்டத்தில் தோளோடு தோள் சேர்ந்து வேலை செய்த இடம் காஞ்சியைப் போல் வேறில்லை.

இதனை அழகாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அது நேர்மையாகாது. அந்தச் சிறுவருள் பலர் பள்ளிக்குச் செல்லவில்லை. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அயலார் தறியில் அமர்த்தப்பட்டோர் அவர்களுள் உண்டு. கடன் தீரும் வரை எழுந்து செல்ல இயலாது. வேலை அவர்களுடையதாக இருந்தது. அளவு அவர்களுடையதாக இல்லை. அவர்கள் கைப்பட ஓடிய நாடாவுக்குரிய குறுணி வேறொருவர் கையில் முன்னரே சேர்ந்துவிட்டது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், அதன்பின் மாவட்ட நிர்வாகமும் தொண்டு நிறுவனங்களும் நெசவாளர் குடும்பங்களும் எடுத்த முயற்சியும் சிறுவரைத் தறியிலிருந்து பள்ளிக்கு அனுப்பின. அது நிகழ்ந்தே ஆகவேண்டிய நல்ல காரியம். "அந்தக் காலத்தில் பிள்ளைகள் தொழில் கற்றனர்" என்று பெருமூச்சு விடுவோர், அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் கையெழுத்திடக் கற்றனர் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் இரண்டாம் இருக்கை காலியாயிற்று. இப்போது அங்கே மனைவி அமர்கிறார். சில வீடுகளில் கண் மங்கிய தாயோ தந்தையோ அமர்கின்றனர். படித்த பிள்ளைகள் விடியலில் தெருமுனைக்கு வரும் நிறுவனப் பேருந்தில் ஏறி, ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் கார்த் தொழிற்சாலை வேலைக்குச் செல்கின்றனர். இராமானுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இன்று அந்தத் தொழிற்சாலைகளின் நடுவே இருக்கிறது. காஞ்சிப் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைச் சட்டம் காத்தது. இருக்கையில் ஆளை அமர்த்தச் சட்டத்தால் இயலவில்லை.

அரிதாக இளைஞர் ஒருவர் தறிக்கு வரும்போது பழைய உரசல் புதிய உருவில் வருகிறது. அவர் பட்டயப் படிப்பு முடித்திருப்பார். வடிவத்தைக் கணினியில் வரைந்து ஜக்கார்டு அட்டைக்குக் கொண்டுசெல்வது அவருக்கு எளிது. முன்பு வரைதாளில் கட்டம் கட்டமாகப் பல நாள் செய்த வேலை. முதியவருக்கோ பாவின் மீது உள்ளங்கையை ஓட்டினாலே மழைநாளில் பட்டிழை எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று தெரியும். "தம்பி, நாடாவை இழுக்காதே, விடு" என்பார். விடுவதற்கும் இழுப்பதற்கும் என்ன வேறுபாடு என்று அவருக்கு விளக்கத் தெரியாது. தம்பிக்குக் கேட்கப் பொறுமையிராது. கைபேசி ஒலிக்கும். முதியவர் ஒன்றும் பேசாமல் மிதியிலிருந்து காலை எடுப்பார். அந்த மௌனம் அரை நாள் நீடிக்கும். பட்டுச் சேலை ஒன்றுக்குப் பத்து, பதினைந்து நாள், வேலைப்பாடு மிகுந்தால் அதற்கும் மேலாகும். அத்தனை நாளும் மௌனத்தோடு கோர்வை போட முடியாது. இருவர் மூச்சும் ஒத்துவந்தால்தான் கரை நேராக ஓடும்.

இங்கே முதியவர் விட்டுக்கொடுக்க வேண்டும், இளையவர் பணிந்து போக வேண்டும் என்று அறிவுரை கூறுவது எளிது. இருபுறமும் அதனைக் கேட்டுச் சலித்துவிட்டனர். உண்மையான தடை குணத்தைக் காட்டிலும் கணக்கில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் முடிந்த சேலையை ஒப்படைக்கும்போது கூலி உறுப்பினராகிய தறிக்காரரின் பெயரில் வருகிறது. கோர்வைக்கு அமர்ந்தவரின் பங்கு வீட்டுக்குள் பேசிக்கொள்வது. மனைவியாயின் அது பேசப்படுவதே இல்லை. தந்தையாயின் வெற்றிலைச் செலவாக முடிந்துவிடும். வந்தமர்ந்த இளைஞராயின், சேலையில் குறை கண்டு கூலி பிடிக்கப்படும் வாரத்தில் யாருடைய கை தவறியது என்ற வழக்கு எழும். வயது பற்றிய சண்டையாகத் தோன்றுவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் தொடங்குகிறது.

திருமுக்கூடலில் விறகு சுமந்தவரின் ஒரு குறுணி இன்றும் சுவரில் இருக்கிறது. இரண்டாம் இருக்கையில் அமர்பவருக்கு அதனைக் கல்லில் வெட்ட வேண்டியதில்லை. தறி வீட்டின் சுவரில் சாமி படம் போட்ட நாட்காட்டி தொங்குகிறது. சேலை தொடங்கும் நாளில், அந்தத் தேதிக்கட்டத்தில், கோர்வைக்கு இன்னார், அவருக்கு இவ்வளவு என்று பென்சிலால் எழுதினாலும் போதும். எழுதுகோலை இளையவர் பிடிக்கலாம். தொகையை முதியவர் சொல்லலாம்.